ஹேக் நகரில் இரண்டு நீதிமன்றங்கள்: உலக அரசியல் பேட்டி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் பேட்டி நிகழ்ச்சிக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, ஒலிப்பதிவுக்குச் சற்று முன்னால் தன் கேள்வித்தாளை என்னிடம் நீட்டினார். முதல் கேள்வியே இதுதான்: "நெதன்யாகுவுக்கு ஐ.நா. நீதிமன்றம் வாரன்ட் பிறப்பித்திருக்கிறதே, ஐ.நா. படை போய்க் கைது செய்யுமா?" விருந்தினர் வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தார். பதிவை அரை மணி தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு அந்தத் தம்பியை உட்கார வைத்துப் பேசினேன். அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயரைத் தவறாக உச்சரிப்பது, விருந்தினர் பேசும்போது குறுக்கே பாய்வது போன்றவை நாலு நிகழ்ச்சி செய்தால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த நீதிமன்றம்?

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இரண்டு நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஒன்று சர்வதேச நீதிமன்றம். அது ஐ.நா.வின் அங்கம், 15 நீதிபதிகள், ஒவ்வொருவருக்கும் 9 ஆண்டுப் பதவிக்காலம். நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான வழக்கை மட்டுமே அது விசாரிக்கும். தனி மனிதர் யாரையும் அங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. உளவாளி என்று பாகிஸ்தான் சிறையில் அடைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கை இந்தியா கொண்டுபோனது இங்கேதான். 2019 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஜாதவ் உளவாளியா இல்லையா என்பது அங்கே கேள்வியே அல்ல. அவரை இந்தியத் தூதரக அதிகாரிகள் சந்திக்கவிடாமல் பாகிஸ்தான் தன் கடமையை மீறியதா என்பதுதான் வழக்கு.

இன்னொன்று சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். இது ஐ.நா.வின் உறுப்பு அல்ல. 1998-ல் ரோமில் கையெழுத்தான உடன்படிக்கையால் பிறந்து, 2002 ஜூலை 1 முதல் இயங்குகிறது. இது தனி மனிதர்களை விசாரிக்கும், வாரன்ட் போடும். நெதன்யாகுவுக்குப் போட்டதும் இதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். இந்தியா, அமெரிக்கா, சீனா, ரஷ்யா, இஸ்ரேல், இலங்கை ஆகியவை இல்லை. இதற்குச் சொந்தமாக ஒரு காவலர்கூடக் கிடையாது. உறுப்பு நாடுதான் பிடித்துக் கொடுக்க வேண்டும். புதின் மேல் வாரன்ட் இருக்கும்போதே 2024 செப்டம்பரில் உறுப்பு நாடான மங்கோலியாவுக்குப் போனார். வரவேற்பு கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

தமிழில் நாம் இரண்டையும் 'சர்வதேச நீதிமன்றம்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். 'குற்றவியல்' என்ற ஒரு சொல் தலைப்பில் இடம் போதாமல் விழுந்துவிடுகிறது. வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஏன் கோபம் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச் 17 அன்று உக்ரைன் போர் தொடர்பாகப் புதினுக்கு வாரன்ட் வந்தது. அடுத்த வாரமே நேரலை வைத்தோம். ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் தொலைபேசி இணைப்பில் இருந்தார். நேயர்களும் பேசலாம். தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். "தம்பி, 2009-ல இருந்து என்ட மகனைத் தேடுறன். எங்கட விசயத்தையும் அந்தக் கோர்ட்டுக்குக் கொண்டு போகலாமோ?"

விருந்தினரைப் பதில் சொல்ல விட்டிருக்க வேண்டும். நான் முந்திக்கொண்டேன். "போகலாம் அம்மா, அது ஐ.நா. கோர்ட்டு, இலங்கையும் ஐ.நா.வில் உறுப்பு நாடுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விட்டேன். தூதர் "ஒரு நிமிஷம்..." என்று தொடங்கியது ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்கிறது. அப்போது என் காதில் விழவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் அவரே அழைத்தார். குரலை உயர்த்தவில்லை. உக்ரைனும் அப்போது குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை, ஆனால் தன் மண்ணில் நடந்ததை விசாரிக்கலாம் என்று தானே எழுதிக் கொடுத்திருந்தது என்றார். இலங்கை அப்படி எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. மிஞ்சுவது பாதுகாப்பு சபை அனுப்பிவைக்கும் வழி. 2005-ல் சூடானின் டார்ஃபர், 2011-ல் லிபியா அப்படித்தான் போயின. அங்கே நிரந்தர உறுப்பினர்களான ஐந்து நாடுகளில் ஒன்று வீட்டோ போட்டாலும் கதவு மூடிவிடும். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, "அந்த அம்மாகிட்ட இதை யார் சொல்லப்போறாங்க?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் திருத்தம் வாசித்தோம். அந்த அம்மா கேட்டாரா என்று தெரியாது. அழைப்பு வந்த எண் முகாமில் யாருடையதோ. இரண்டு முறை முயன்றேன், எடுக்கவில்லை. பதினான்கு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு இல்லாத கதவைக் காட்டி அனுப்பியிருக்கிறேன்.

அந்தத் தம்பியின் கேள்வித்தாளைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த அம்மாவின் குரல்தான்.

யாருடைய தீர்மானம்?

இதுவும் அதே குடும்பம். 'ஐ.நா. தீர்மானம்' என்று மட்டும் கேள்வியில் எழுதாதீர்கள். பாதுகாப்பு சபையின் முடிவுகளை ஏற்று நடப்பதாக உறுப்பு நாடுகள் ஐ.நா. சாசனத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கின்றன. போர், அமைதி பற்றிப் பொதுச்சபை போடும் தீர்மானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஜெனீவா மனித உரிமை கவுன்சில் வேறு. இலங்கை பற்றிய தீர்மானங்கள் வந்தது இந்தக் கவுன்சிலில்.

அங்கே 2012, 2013-ல் இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2014-ல் வாக்களிக்காமல் விலகியது. விலகுவது எதிர்ப்பது ஆகாது. 2022 மார்ச் 2 அன்று உக்ரைன் பற்றிப் பொதுச்சபையில் 141 நாடுகள் ஆதரவு, 5 எதிர்ப்பு, 35 விலகல். இந்தியா அந்த 35-ல் ஒன்று. "ஏன் எதிர்த்தோம்?" என்று கேட்டால் விருந்தினரின் முதல் மூன்று நிமிஷம் உங்களைத் திருத்துவதிலேயே போய்விடும். வாக்கெடுப்பை ஒட்டி நாடுகள் தரும் விளக்கவுரையைத் தேடிப் படியுங்கள். ஒரு பக்கம்தான் இருக்கும், கேள்வியெல்லாம் அதில் கிடக்கும்.

'அமெரிக்கா நினைக்கிறது'

அமெரிக்காவில் யார்? உக்ரைனுக்காக பைடன் 2023 அக்டோபரில் கேட்ட நிதி, 2024 ஏப்ரல் வரை பிரதிநிதிகள் சபையைத் தாண்டவில்லை. அதிபர் ஒன்று நினைத்தார், சபாநாயகர் வேறொன்று நினைத்தார். அந்த ஆறு மாத இழுபறிதான் பேட்டிக்கான பொருள். 'அமெரிக்கா' என்று ஒற்றைச் சொல்லில் மூடிவிட்டால் அது வெளியே வராது.

பில்லியன்

100 கோடி. 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியம் இலங்கைக்கு ஒப்புக்கொண்டது சுமார் 300 கோடி டாலர். 30 கோடி அல்ல.

'போர் எப்போது முடியும்?'

கேட்காதீர்கள்.

பதிவுக்கு முன் ஒரு போன்

முந்தைய நாளே விருந்தினரை அழைத்துக் கேள்விகளை வாசித்துக் காட்டுங்கள். "சார், இதுல எந்தக் கேள்வி தப்பு?" என்று நேராகக் கேளுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பதில் உயிரில்லாமல் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அப்படி நடந்ததில்லை. கேட்கிறவருக்கு அடிப்படை தெரியும் என்று புரிந்துவிட்டால் இன்னும் இறங்கிப் பேசுவார்கள்.

நேரலையில் நேயர் கேள்விக்கு நாம் பதில் சொல்லக் கூடாது. விருந்தினர் சொல்லட்டும். அவர் "ஒரு நிமிஷம்" என்றால் அடுத்த அழைப்பு காத்திருக்கட்டும்.

அந்தத் தம்பி தன் முதல் கேள்வியை மாற்றி எழுதினார்: "நெதன்யாகு எந்தெந்த நாட்டில் இறங்கினால் அவரைக் கைது செய்யும் கடமை அந்த நாட்டுக்கு உண்டு?" அந்த ஒரு கேள்விக்கே விருந்தினர் இருபது நிமிஷம் பேசினார்.