பறவைப் பிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கூட நாட்களில், வீட்டு வேப்பமரத்தடியில் கிடந்த மைனாக் குஞ்சுக்குப் பஞ்சில் நனைத்துப் பால் புகட்டினேன். விடிவதற்குள் செத்துவிட்டது. அதற்கு ஆயுசு அவ்வளவுதான் என்று ஆச்சி தேற்றினாள். ஆயுசு இருந்தது, நான்தான் குறைத்தேன் என்பது பல வருஷங்களுக்குப் பிறகே தெரிந்தது. பாலிலுள்ள சர்க்கரை பறவைக்குச் செரிக்காது. வாய்க்குள் எதையும் ஊற்றுவது அதைவிட ஆபத்து. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் திறந்திருப்பதால் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

தரையில் தத்தித் திரியும் மைனா, கொண்டைக்குருவிக் குஞ்சுகள் பெரும்பாலும் அநாதைகள் அல்ல. இறகு முளைத்திருந்தால் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்துக் கிளையில்தான் இருக்கும். பூனை எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு விலகிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மை இல்லை.

திருநெல்வேலி மாவட்டத்தில், நாங்குநேரிப் பக்கம் இருக்கும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கதை வேறு. அங்கே கூழைக்கடாவோ மஞ்சள்மூக்கு நாரையோ கூட்டில் இருக்கும் குஞ்சுக்குத்தான் இரை கொடுக்கும். கீழே விழுந்ததைத் தேடி வராது. அப்படி ஒரு குஞ்சைக் கண்டால் வீட்டுக்கு எடுத்துப் போகாமல், உடனே வனத்துறை ஊழியரிடமோ ஊர்க்காரர்களிடமோ சொல்லுங்கள். விழுந்த குஞ்சுகளை வளர்த்துவிட்ட அனுபவம் அந்த ஊருக்கு உண்டு.

கூட்டை நெருங்கிப் படம் எடுப்பதுதான் நான் பார்த்தவற்றில் மிகக் கொடிய தவறு. நம் வெயில் தெரியும் அல்லவா? உச்சிப்பொழுதில் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழலாக நிற்கும். நீங்கள் மரத்தடிக்குப் போனால் அது எழுந்து பறக்கும். அந்தக் கொஞ்ச நேரம் போதும், குஞ்சு வெயிலில் துவள; காக்கை முட்டையைக் கொத்த. ட்ரோன் பறக்கவிடுவதும் இதே பாவம்தான். இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகளைப் பறக்கும் படத்துக்காகக் கைதட்டிக் கிளப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். திரும்பிப் போகும் பயணத்துக்காக அவை சேர்த்துவைக்கும் கொழுப்பைத்தான் அங்கே வீணடிக்கிறோம். கரையில் அசையாமல் உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்கள். அரை மணி நேரத்தில் அவை உங்களை மறந்துவிடும்.

1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே கூந்தன்குளத்து மக்கள் பறவைகளைக் காத்தவர்கள். வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடுகள் இருக்கும். தீபாவளிக்கு வெடி கிடையாது. பறவை எச்சம் கரைந்த குளத்து நீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த ஊருக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு கார் ஓட்டுவது அவர்களுக்கே செய்யும் அவமரியாதை.

நல்லெண்ணத்தில் நடக்கும் இன்னொரு தவறு, குளத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று எல்லாக் கருவேலத்தையும் வெட்டுவது. சீமைக் கருவேலம் வேறு, நாட்டுக் கருவேலம் வேறு. நாட்டு மரத்தின் பூ மஞ்சள் பந்துபோல உருண்டை. காய் மணி கோத்த மாலைபோல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமையின் பூ விரல்போல நீளம், காய் வெளிர்மஞ்சள். தண்ணீரில் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில்தான் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. பொக்லைன் வருவதற்கு முன் எதை வெட்டக்கூடாது என்று மரங்களில் சுண்ணாம்புக் குறி இடச் சொல்லுங்கள். எது சீமை என்று தெரிந்த பிறகும், அதில் கூடு இருந்தால் குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்க வேண்டும்.

பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைக்குப் பறவை ஆசை இருந்தால் கூண்டு வேண்டாம். ஜனவரியில் ஒருநாள் விடியற்காலையில் குளத்துக்கரைக்கு அழைத்துப் போங்கள்.