எஃப் 30 போதுமா, எஃப் 50 வேண்டுமா? ஆணித்துப்பாக்கி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை பாரிமுனையில் ஒரு கருவிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். வயதான ஆசாரி ஒருவர் உள்ளே வந்து, மஞ்சள் பையிலிருந்து இரண்டு மரத்துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று 6 மி.மீ. கனமுள்ள தேக்கு பீடிங், அதாவது ஓரங்களில் ஒட்டும் மெல்லிய மரச்சட்டம். இன்னொன்று 18 மி.மீ. பிளைவுட்டில் அறுத்த துண்டு. கடைப்பையன் காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் துப்பாக்கிகள் நான்கைந்தை வரிசையாக எடுத்து வைக்கத் தொடங்கினான். "தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். முதலில் ஆணியைக் காட்டுங்கள்" என்றார் பெரியவர்.

மூன்று அளவு ஆணிப் பட்டைகள் வந்தன. பீடிங்கைப் பிளைவுட்டின்மேல் வைத்து, பக்கவாட்டில் ஒவ்வொரு பட்டையாகப் பிடித்துப் பார்த்தார். 30 மி.மீ. ஆணி அடியில் நீட்டிக்கொண்டு நின்றது. 25 ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்த்தது. 20 அடிப்பக்கத்துக்கு 4 மி.மீ. மேலேயே நின்றுவிட்டது. "இதுதான்" என்று 20-ஐத் தனியாக வைத்துவிட்டு, இந்த ஆணியை அடிக்கும் துப்பாக்கிகளில் எது கைக்கு இலகுவாக இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பு என் பட்டறைக்கு முதல் துப்பாக்கி வாங்கியபோது நான் அப்படியே தலைகீழாகச் செய்திருந்தேன். பெரியது வாங்கினால் சின்ன வேலைக்கும் ஆகும் என்று 50 மி.மீ. ஆணிவரை அடிக்கும் எஃப் 50-ஐத் தூக்கிக்கொண்டு வந்தேன். வாங்குபவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகள் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன: துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு ஆணி தேடுவது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். நம் கடைகளில் பிராட் நெய்லர் என்று கேட்டால் பெரும்பாலும் எஃப் வரிசைத் துப்பாக்கிதான் கைக்கு வரும். எஃப் 30 என்றால் 10 முதல் 30 மி.மீ. வரை நீளமுள்ள ஆணிகளை அடிக்கும். எஃப் 50 என்றால் 50 மி.மீ. வரை. இரண்டிலும் போவது 18 கேஜ் ஆணி (கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்; எண் கூடக்கூடக் கம்பி மெலியும்): குறுக்குவெட்டு 1.25க்கு 1 மி.மீ., தலை ஏறத்தாழ 2 மி.மீ. அகலம். மரத்துக்குள் அமுங்கியபின் மேலே தெரிவது ஒரு சிறு கீறல் மட்டுமே. அதில் மக்கு (மரப் புட்டி) வைத்துத் தேய்த்துவிட்டால் மறைந்துவிடும். டி 50 என்று ஒன்று விற்கிறார்களே, அது 16 கேஜ். கம்பி தடித்தது, அது விடும் பள்ளமும் பெரிது. கதவுச் சட்டத்துக்கும் கனமான ரீப்பர் சட்டத்துக்கும் ஆகும். மெல்லிய பீடிங்கை அடித்தால் பிளந்துவிடும். 23 கேஜ் 'பின் நெய்லர்' இதற்கு நேர் எதிர்: ஆணி 0.6 மி.மீ., தலையே கிடையாது, அடித்த இடம் கண்ணுக்குப் படாது, பிடிமானமும் ஏறக்குறைய இல்லை. 1013 ஜே என்பது ஆணியே அல்ல, ஸ்டேப்பிள். ஒன்றின் ஆணி மற்றொன்றில் போகாது. 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்று கடையில் சொன்னால், ஒரு பட்டையை அந்தத் துப்பாக்கியிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நீளத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. மேலே வைக்கும் மரத்தின் கனத்தைப்போல் இரண்டு மடங்காவது அடிமரத்துக்குள் போகவேண்டும். அடிமரத்தின் மறுபக்கத்துக்கு 3, 4 மி.மீ. மிச்சம் இருக்கவேண்டும். இரண்டும் ஒத்துவராத இடங்களில் முதல் விதியைத் தளர்த்தலாம், இரண்டாவதைத் தளர்த்தக்கூடாது. துப்பாக்கி ஆணியை மேற்பரப்போடு நிறுத்துவதில்லை, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பீடிங், லிப்பிங் (பலகை விளிம்பை மூடும் மரப்பட்டி), அலமாரியின் பின்பலகை, இழுப்பறையின் அடிப்பலகை ஆகியவை மட்டும்தான் உங்கள் வேலை என்றால் எஃப் 30 தாராளமாகப் போதும். 18 மி.மீ. பலகையை இன்னொரு பலகையின் விளிம்போடு சேர்த்துப் பெட்டி கட்டுவதென்றால் 40 அல்லது 50 மி.மீ. ஆணி வேண்டும்; அங்கே எஃப் 50 தவிர வழியில்லை. இரண்டு வேலையும் உண்டு என்பவர்கள், ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள எஃப் 50-ஆகப் பார்த்து வாங்கவேண்டும். நான் வாங்கிய முதல் துப்பாக்கியில் அது கிடையாது. 20 மி.மீ. ஆணியை மெல்லிய பீடிங்கில் அடித்தால் தலையோடு துளைத்து உள்ளே போய்விடும். பீடிங்கைக் கையால் தூக்கினால் ஆணியை விட்டுவிட்டு அப்படியே எழுந்து வரும்.

இதனோடு ஒட்டிய இன்னொரு தவறு, ஆணியையே நம்பி வேலை செய்வது. 18 கேஜ் ஆணியின் வேலை, பசை காயும்வரை மரத்தைப் பிடித்துவைப்பது. அவ்வளவுதான். வெள்ளைப் பசை முழுப் பலத்துக்கு வர ஒரு நாள் ஆகும். அதுவரை பத்து இடத்தில் கிளாம்ப் போட்டு வைப்பதற்குப் பதில் பத்து ஆணி. பசை தடவாமல் ஆணியை மட்டும் நெருக்கி நெருக்கி அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த மழைக்காலத்தில் மரம் உப்பி, கோடையில் சுருங்கும்போது அந்த இணைப்புகள் ஆடத் தொடங்கும். பாரம் தாங்கும் தட்டுக்கு ஸ்க்ரூ போடுங்கள்.

அமெரிக்கச் சுவரும் நம் சுவரும்

இணையத்தில் பிராட் நெய்லர் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளில் எடுத்தவை. அங்கே சுவர் என்பது 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரக்கால்கள். அவற்றின்மேல் அரை அங்குல ஜிப்சம் பலகை. ஜன்னலைச் சுற்றியும் தரையோரத்திலும் மரச்சட்டம் வைத்து டப் டப் என்று அடித்துக்கொண்டே போகிறார்கள். ஆணி ஜிப்சத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் மரத்தைப் பிடித்துக்கொள்கிறது. 50 மி.மீ. ஆணி அங்கே சாதாரணமாகத் தேவைப்படுவதும் அதனால்தான். அதைப் பார்த்துவிட்டு, வீட்டுத் தரையோரத்தில் மர ஸ்கர்ட்டிங் அடிக்க எஃப் 50 வாங்கியவர் ஒருவர் என்னிடம் வந்தார். செங்கல்லும் சிமென்ட் பூச்சும் உள்ள சுவரில் 1.25 மி.மீ. கம்பி என்ன செய்யும்? மடங்கும், அல்லது பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். நம் சுவரில் பிளக்கும் ஸ்க்ரூவும், இல்லையென்றால் கட்டுமானப் பசை. அல்லது முதலில் சுவரில் ரீப்பரை ஸ்க்ரூவால் இறுக்கிவிட்டு, அதன்மேல் பிராட் அடிக்கலாம். சிமென்ட்டுக்கென்றே எஸ்டி 64 என்ற தடித்த ஆணித்துப்பாக்கி தனியாக இருக்கிறது. அது வேறு கருவி, வேறு அழுத்தம், வேறு எடை.

காற்றுக் கணக்கு

துப்பாக்கியின் விலையை மட்டும் பார்த்துவிட்டு, அதற்குக் காற்றை அழுத்தித் தரும், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கம்ப்ரஸரைக் கடைக்காரர் காட்டியதே வழி என்று வாங்கிவிடுகிறோம். பிராட் நெய்லர் காற்றை மிகக் குறைவாகத்தான் தின்னும். கம்ப்ரஸரின் 24 லிட்டர் தொட்டி 8 பார் அழுத்தத்திலிருந்து 5 பாருக்கு இறங்கும்வரை ஏறத்தாழ 70 லிட்டர் சாதாரணக் காற்றைத் தரும்; ஓர் ஆணிக்குச் செலவாவது ஒரு லிட்டரையொட்டி, அல்லது அதற்கும் கீழே. ஆகவே ஒரே ஆள் பீடிங் அடிக்க 1 குதிரைத்திறன் கம்ப்ரஸரே போதும். அதே கம்ப்ரஸரில் நாளை பாலிஷ் ஸ்ப்ரே செய்யலாம் என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஸ்ப்ரே கன் விசையை விடும்வரை காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அது முற்றிலும் வேறு கணக்கு.

அழுத்தம் 60 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை, அதாவது 4 முதல் 7 பார். 70-இல் தொடங்கி, ஆணித்தலை மேலே நின்றால் ஐந்தைந்தாகக் கூட்டுங்கள். ஆணி மடங்குகிறது என்பதற்காக 120-க்கு ஏற்றுபவர்கள் உண்டு. மடங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அடியில் இருக்கும் கணு, அல்லது வேங்கை போன்ற கடும் மரம். அழுத்தத்தை ஏற்றினால் கணு இளகாது. துப்பாக்கிக்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான் கிழியும்.

வேலை நடக்கும் இடம் தள்ளி இருந்தால் கம்ப்ரஸரைப் பக்கத்தில் கொண்டுபோக மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். மெல்லிய ஒயரில் மின்னழுத்தம் விழுந்து, மோட்டார் முனகிக்கொண்டே சூடேறும். ஒயரைவிடக் காற்றுக்குழாயை நீட்டுவது எப்போதும் மேல்.

கடையில் யாரும் பார்க்காத இரண்டு இடங்கள்

ஒன்று, காற்று நுழையும் இடத்தில் குழாயையும் துப்பாக்கியையும் இணைக்கும் கப்ளர். துப்பாக்கியின் பக்கம் இருக்கவேண்டியது திறந்த முளை. வால்வு உள்ள வாய்ப்பகுதி குழாயின் பக்கம் இருக்கவேண்டும். மாற்றி மாட்டினால் குழாயைக் கழற்றிய பிறகும் துப்பாக்கிக்குள் காற்று அடைபட்டு நிற்கும். கழற்றிவிட்டோமே என்ற தைரியத்தில் சிக்கிய ஆணியை எடுக்க விரலை வைக்கும்போது ஒரு முறை அது அடிக்கும். சரியாக மாட்டியிருந்தால் கழற்றிய கணமே 'புஸ்' என்று மிச்சக் காற்று வெளியேறுவது காதில் விழும். அந்தச் சத்தம் கேட்காத துப்பாக்கியை நான் கையில் வாங்குவதில்லை.

இன்னொன்று, விசை எப்படி வேலை செய்கிறது என்பது. ஆணி வெளிவரும் மூக்கை மரத்தில் அழுத்தினால்தான் விசை வேலை செய்யவேண்டும். ஒவ்வோர் ஆணிக்கும் விசையை விட்டு மறுபடி இழுக்கவேண்டும். விசையைப் பிடித்தபடியே மூக்கை முட்டும்போதெல்லாம் அடிக்கும் வகையும் இருக்கிறது. வேகம் அதிகம், ஆபத்தும் அதிகம். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 37,000 பேர் ஆணித்துப்பாக்கிக் காயத்தோடு அவசர சிகிச்சைக்குப் போனார்கள் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. அவற்றில் பல, வீடு கட்டும் பெரிய துப்பாக்கிகளின் வேலைதான். ஆனாலும், முட்டினால் அடிக்கும் வகையில் காயமடையும் வாய்ப்பு இரட்டிப்பு என்று அங்கே கண்டறிந்திருக்கிறார்கள். விலை குறைந்த எஃப் 30 சிலவற்றில் மூக்குப் பாதுகாப்பே இருக்காது. விசையை இழுத்தால் வெறும் காற்றிலும் ஆணி பாயும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் வேலை செய்பவர் அதை வாங்கவே கூடாது.

என் இடதுகை நடுவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது. பிளைவுட் விளிம்பில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். ஆணிப்பெட்டி பலகையின் நீளவாக்கில் இருக்கும்படி துப்பாக்கியைப் பிடித்திருந்தேன். அப்படிப் பிடிப்பதுதான் வசதி. பிராட் ஆணியின் முனை ஊசிபோல் இருக்காது, உளிபோல் இருக்கும். நேராகப் போகாவிட்டால் அந்த உளிமுனையின் இரு சரிவுகளில் ஏதாவது ஒரு பக்கம்தான் வளையும். நான் பிடித்த விதத்தில் அது வளையக்கூடிய பக்கம் பலகையின் கனத்துப் பக்கம், அதாவது என் விரல் பலகையைத் தாங்கிக்கொண்டிருந்த பக்கம். துப்பாக்கியைக் கால்வட்டம் திருப்பிக் குறுக்காகப் பிடித்திருந்தால் ஆணி வளைந்தாலும் பலகையின் நீளத்துக்குள்ளேயே வளைந்திருக்கும். நார் ஓட்டத்தை உளிமுனை குறுக்கே வெட்டிக்கொண்டு போவதால் மரமும் எளிதில் பிளக்காது. அன்றிலிருந்து ஆணியின் நீளத்தைவிட அதிகத் தூரத்தில்தான் விரலை வைக்கிறேன்.

எண்ணெய் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லலாம். எண்ணெய் தேவைப்படும் துப்பாக்கி என்றால் காற்றுக்கருவி எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு, வேலை தொடங்கும் முன், காற்று நுழையும் துளையில். தேங்காய் எண்ணெயும் துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். ஒன்று பிசுபிசுத்துப் பிஸ்டனைப் பிடிக்கும், மற்றொன்று ரப்பரைக் கெடுக்கும். கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் உள்ள திருகைத் தினமும் திறந்து தண்ணீரை வடியுங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஒரு நாளில் வடியும் தண்ணீரைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அந்த ஊர்களில் குளியலறை ஓரத்துக்கும் வெளிக்கதவுக்கும் துருப்பிடிக்காத எஃகு ஆணி கேளுங்கள். டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த மரத்தில் சாதாரண இரும்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை பரவும். மக்கு அதை மறைக்காது.

கடைக்குப் போகும்போது உங்கள் மரத்துண்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் கம்ப்ரஸர் இருந்தால் பத்து ஆணி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பத்தும் ஒரே ஆழத்தில் இருக்கிறதா என்று விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். சிக்கிய ஆணியை எடுக்க மூக்கு கையாலேயே திறக்கிறதா, ஆலன் சாவி வேண்டுமா என்றும் பாருங்கள். பிறகு அந்தத் துப்பாக்கிக்கு ஆணியைத் தள்ளும் டிரைவர் பிளேடும் ரப்பர் வளையங்களும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். 'கம்பெனியில் சொல்லித்தான் வரவழைக்கவேண்டும்' என்ற பதில் வந்தால், அடுத்த கடைக்குப் போகலாம்.

பாரிமுனைப் பெரியவர் கடைசியில் வாங்கியது ஆழத்திருகு உள்ள ஓர் எஃப் 30. கூடவே ஒரு டிரைவர் பிளேடும் இரண்டு செட் வளையங்களும். பணம் கொடுக்கும் முன் தன் தேக்குத் துண்டில் மூன்று ஆணி அடித்துப் பார்த்து, அவற்றைப் பிடுங்காமல் அப்படியே பையில் போட்டுக்கொண்டார்.