வேலைக்குச் சேர்ந்த பிறகு படிப்பது எப்படி? நூலகப் பணியாளர்களுக்கு

கிளை நூலகத்தில் வேலை பார்க்கும் என்னிடம், புதிதாகச் சேர்கிற தம்பி தங்கைகள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அக்கா, அடுத்து என்ன கோர்ஸ் படிக்கலாம்?" கோர்ஸை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு நோட்டு போடுங்கள் என்பேன்.

நாற்பது பக்க நோட்டு போதும். இரவல் மேசையிலேயே கிடக்கட்டும். வாசகர் கேட்டு நம்மால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி, பதில் தேட ரொம்ப நேரம் பிடித்த கேள்வி, இரண்டையும் தேதி போட்டு அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். வாசகர் பெயர் வேண்டாம். சில மாதம் கழித்துப் புரட்டினால் எதைப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். குரூப் 4 பாடத்திட்டம், பட்டா மாறுதல், குழந்தைக்குப் படித்துக் காட்டக் கதைப் புத்தகம் என்று ஊருக்கு ஊர் நோட்டு வேறுபடும். பக்கத்தில் கல்லூரி இருக்கும் நூலகத்துக்கும் வயல் நடுவில் இருக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது.

நூலகச் சான்றிதழ் படிப்போடு வேலைக்கு வந்தவர்கள் பி.லிப்., எம்.லிப். என்ற நூலகவியல் பட்டங்களை முடிப்பது பதவி உயர்வுக்கு அவசியம், அதைத் தள்ளிப்போடாதீர்கள். தொலைநிலைக் கல்வியில் முடிக்கலாம். ஆனால் அந்தப் பாடப் புத்தகத்தில் இல்லாத எத்தனையோ விஷயம் மேசைக்கு வருகிறது.

ஒன்றைச் சொல்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற இளைஞர் ஒருவர் எங்கள் நூலகத்துக்கு வந்து, "மேடம், உங்க கம்ப்யூட்டர் எனக்குப் படிச்சுக் காட்டுமா?" என்று கேட்டார். நோட்டில் எழுதிக்கொண்டு, அந்த ஒரு கேள்வியை வைத்தே படிக்கத் தொடங்கினேன். என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், விண்டோஸ் கணினியில் ஓடும், அதோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. நிறுவியதும் சில கோப்புகளைக் கணீரென்று படித்தது. சில பிடிஎஃப்களில் ஒரு சத்தமும் இல்லை, ஏனென்றால் அவை பக்கங்களைப் படம் பிடித்தவை, உள்ளே எழுத்தே கிடையாது. இன்னும் சில, வாயில் நுழையாத எதையோ உளறின. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை அவை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினால்தான் திரைவாசிப்பானும் படிக்கும், தேடலிலும் அகப்படும்.

படமாக இருக்கும் பக்கங்களை கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும். இதற்குப் பெயர் எழுத்துணரி (ஓசிஆர்). பிழை வரும், ஒருமுறை மூலத்தோடு ஒத்துப் பார்த்தே கொடுக்க வேண்டும். அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்கென்றே 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இருப்பதும் இந்தத் தேடலில்தான் தெரிந்தது. ஒரு வாசகரின் கேள்வியால் எழுத்துரு, யூனிகோடு, எழுத்துணரி என்று மூன்று பாடம் கைக்கு வந்தன. இவற்றை இனி யாருக்கு வேண்டுமானாலும் என்னால் செய்து கொடுக்க முடியும்.

அடுத்தது பட்டியலாக்கம், அதாவது ஒவ்வொரு நூலின் விவரத்தையும் தேடி எடுக்கும்படி பதிவது. கோஹா என்ற நூலக மென்பொருள் 2000-இல் நியூசிலாந்து நூலகம் ஒன்றில் பயன்பாட்டுக்கு வந்தது, கட்டற்ற மென்பொருள். உங்கள் நூலகத்தில் இல்லாவிட்டாலும் பழகலாம். கோஹா சமூகத்தின் தளத்தில் சோதனைப் பதிப்புகளுக்கு இணைப்பு இருக்கிறது. அங்கே நம் உறுப்பினர்களின் உண்மையான விவரம் எதையும் ஏற்றாதீர்கள், யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள்.

வீடியோ பார்த்துக்கொண்டே இருப்பதைவிட ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்து முழுதாகப் பதியுங்கள். நூல் விவரங்களைக் கணினியில் பதியும் மார்க் 21 முறையில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண்ணிட்ட புலம் உண்டு: 020-இல் ஐஎஸ்பிஎன் (நூலுக்குரிய தனி எண்), 082-இல் டூயி பகுப்பு எண் (நூலின் பொருளைக் குறிக்கும் எண்), 100-இல் ஆசிரியர், 245-இல் தலைப்பு, 650-இல் பொருள். ஆசிரியர் பெயரில்தான் நம்முடைய சிக்கல் வரும். ஒரு நூலில் கல்கி, இன்னொன்றில் ரா. கிருஷ்ணமூர்த்தி, வேறொன்றில் கல்கி கிருஷ்ணமூர்த்தி. அட்டையில் இருப்பதை அப்படியே ஏற்றினால், ஒரு பெயரில் தேடுகிற வாசகருக்கு மற்ற பெயர்களில் பதிந்தவை தெரியாது. பெயருக்கென்று தனிப் பதிவு ஒன்று உருவாக்கி, அதில் 100-இல் நாம் தேர்ந்த வடிவத்தையும் 400-இல் மற்ற வடிவங்களையும் கொடுக்க வேண்டும். முதலெழுத்துக்குப் பின் புள்ளி, இடைவெளி எப்படி என்பதையும் முடிவு செய்து எழுதி வையுங்கள். நமக்கு அடுத்து வருபவரும் அதையே பின்பற்றலாம்.

இணையத்தில் பாடம் தேட மூன்று தளம் போதும்: ஸ்வயம், இ-பிஜி பாடசாலா, இக்னோ எனப்படும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இ-ஞானகோஷ். ஸ்வயத்தில் பெரும்பாலும் ஜனவரி, ஜூலை என இரண்டு சுற்று. படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் கட்டணம் கட்டித் தேர்வு மையத்தில் எழுத வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு பாடம் மட்டும் எடுங்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் பக்கத்து ஊர் நூலகரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் படித்து மற்றவருக்குத் தமிழில் சொன்னால், சொல்பவருக்கே பாதி அப்போதுதான் புரியும்.

நேரில் போய்ப் பார்ப்பதையும் விடாதீர்கள். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியலை அதற்குப் பிறகு லண்டன் சென்றுதான் படித்தார், அங்கே நூலகம் நூலகமாகப் போய்ப் பார்த்தார். 1933-இல், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். நாம் லண்டன் போக வேண்டாம். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, நூல் வந்து இறங்குவதிலிருந்து அலமாரிக்குப் போகும்வரை கூடவே இருந்து பார்க்கலாம். ஓய்வுபெறப் போகும் மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இருப்புச் சரிபார்ப்பில் எந்த அலமாரி எப்போதும் உதைக்கும், ஊரில் யார் வீட்டில் பழைய இதழ்கள் கிடக்கின்றன, கிழிந்த தாளுக்கு செல்லோ டேப் ஏன் கூடாது (பசை மஞ்சளாகித் தாளையே கெடுக்கும்) என்பதெல்லாம் அவர்கள் கைப்பட அறிந்தவை.

வெளியூர்ப் பயிற்சிக்குப் போவதென்றால் உரிய வழியில் விண்ணப்பித்து, பயிற்சி நாட்களைப் பணிக்காலமாகக் கருதும்படி எழுத்தில் ஆணை வாங்கிவிடுங்கள். வாய்மொழி அனுமதியை நம்பிப் போகாதீர்கள். திரும்பி வந்ததும் சான்றிதழின் நகலோடு பணிப்பதிவேட்டில் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இருபது நிமிடம் கேட்டு, கற்றதை மற்ற நூலகர்களுக்குக் கணினியில் செய்தே காட்டுங்கள். அங்கே அவர்கள் கேட்கும் கேள்விகளையும் அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.