முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடுகிறீர்களா?

‘ஸ்காலர்ஷிப்’ என்று மட்டும் போட்டுத் தேடினால் பாதி வாய்ப்புகள் கண்ணில் படாது. ஐரோப்பாவில் பல நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வே சம்பள வேலைதான்; அறிவிப்பு பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வரும். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு வேலைவாய்ப்புத் தளமான யூராக்சஸிலும் (EURAXESS) துறைவாரியாகத் தேடலாம். அதில் வரும், ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி முனைவர் திட்டங்களுக்கு ஒரு நிபந்தனை: சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில் நீங்கள் சேரப்போகும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு இது சாதகம்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று. உங்கள் துறையில் சமீபத்தில் வந்த ஆய்வுக் கட்டுரையை எடுத்து, கடைசியில் உள்ள நன்றிப் பகுதியைப் படியுங்கள். நிதி தந்த அமைப்பின் பெயரும் திட்ட எண்ணும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அந்த எண்ணை வைத்துத் தேடுங்கள். திட்டம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றால், கட்டுரையை எழுதிய பேராசிரியருக்கு ஆள் தேவைப்படலாம். அவர் கட்டுரையில் எந்தப் பகுதி உங்கள் வேலையோடு ஒட்டுகிறது என்று இரண்டே வரியில் எழுதி அனுப்புங்கள்.