நல்லெண்ணெய் வாசம் இல்லாத கொரிய அடுப்படி

தென்கொரியாவின் சுவோன் நகரில் எங்கள் வீட்டுப் பக்கத்துச் சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது வறுத்த எள்ளின் வாசம்தான். கண் முன்னாலேயே எள்ளை வறுத்து, சுடச்சுட எண்ணெய் எடுத்து, பச்சை நிற சோஜு மது பாட்டிலில் ஊற்றித் தருவார்கள். விருதுநகரில் செக்கெண்ணெய் வாசத்தில் வளர்ந்தவள் நான். கொரியாவுக்கு வந்த முதல் வருஷம் ஊர் ஞாபகம் வந்தால் அந்தக் கடை முன்னால் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவேன். இப்போது பையனைக் கூட்டிக்கொண்டு போகும்போது அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

அவனுக்கு எள்ளும் முட்டையும் ஆகாது. பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது பக்கத்து வீட்டு ஹல்மொனி (இங்கே பாட்டிகளை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆசையாக ஒரு துண்டு கிம் கொடுத்தார். கிம் என்பது தாள்போலக் காயவைத்த கடற்பாசி. அவன் அதைச் சப்பி முடிப்பதற்குள் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிட்டது. கடற்பாசிதான் சேரவில்லை என்று ஒரு வாரம் நினைத்திருந்தேன். பரிசோதனையில் வந்ததோ எள். பாக்கெட் கிம்மில் எள்ளெண்ணெய் தடவித்தான் வாட்டுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். முட்டை விஷயம் இரண்டு மாதம் கழித்து வந்தது.

இப்போது அவனுக்கு ஏழு வயது. கொரியப் பிள்ளைகள் சாப்பிடுவதைத்தான் அவனும் கேட்பான், இட்லியை அல்ல. அதனால் இந்தச் சமையலை அவனுக்காகப் பிரித்து மேய்ந்து கற்றுக்கொண்டேன். இதெல்லாம் அவன் உடம்புக்கு ஒத்துவந்தவை. உங்கள் பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள்.

முதலில் எண்கள். கொரியப் பள்ளிகளில் மாதச் சாப்பாட்டுப் பட்டியல் வீட்டுக்கு வரும். ஒவ்வொரு பண்டத்துக்குப் பக்கத்திலும் சின்னச் சின்ன எண்கள் இருக்கும். 1 என்றால் முட்டை, 2 பால், 4 நிலக்கடலை, 5 சோயா, 6 கோதுமை, 9 இறால், 14 வால்நட். இப்படி 19 வரை போகும். முட்டைக்காரப் பிள்ளையின் அம்மா 1 இருக்கும் நாட்களை வட்டம் போட்டால் போதும். எள்ளுக்கு எண்ணே கிடையாது. கடைப் பொருட்களில் ஒவ்வாமை எச்சரிக்கைக் கட்டம் தனியாக, வேறு நிறத்தில் அச்சாகியிருக்கும். கட்டாயமாகப் போட வேண்டியவற்றின் பட்டியலில் எள் இல்லாததால் அதிலும் நம்பி நிற்க முடியாது. அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். இங்கே அப்படி இல்லை.

அதனால் பொடி எழுத்தில் இருக்கும் முழுப் பட்டியலையும் படித்தாக வேண்டும். சாம்க்கே என்றால் எள், சாம்கிரும் எள்ளெண்ணெய், தோங்க்கே முழு எள், க்கேசோகும் எள்ளும் உப்பும் சேர்த்து இடித்தது. இந்த நான்கு சொற்களின் கொரிய எழுத்தை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஒரு பொருளுக்குள் சேரும் கூட்டுச் சாந்தோ சாஸோ மொத்த எடையில் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அதன் பெயரை மட்டும் போட்டால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பட்டியலில் வெறுமனே ‘மசாலா சாஸ்’ என்று பார்த்தால் நான் வாங்குவதில்லை. தயாரித்த கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டுப் பதில் வந்தால் சரி, இல்லையென்றால் அலமாரியிலேயே இருக்கட்டும்.

துல்க்கே என்று இன்னொன்று குழப்பும். ஆங்கிலத்தில் அதைக் காட்டு எள் என்கிறார்கள், அதன் இலையை எள் இலை என்றே விற்கிறார்கள். உண்மையில் அது பெரில்லா, நம் துளசி, கற்பூரவல்லியின் சொந்தக்காரச் செடி. அப்படியென்றால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தலாமே என்று நானும் நினைத்தேன். ஆனால் சந்தையில் எள்ளை ஆட்டிய அதே இயந்திரத்தில்தான் இதையும் ஆட்டுகிறார்கள். பெரில்லாவே ஆகாத பிள்ளைகளும் உண்டு. விட்டுவிட்டேன்.

சரி, எண்ணெய் போனால் அதன் வேலையை யார் செய்வது? எள்ளெண்ணெய் இங்கே தாளிக்கும் எண்ணெய் மட்டும் அல்ல; நாம் கடைசியில் கொத்தமல்லித் தழை தூவுவதுபோல, இறக்கிய பிறகு வாசத்துக்காக ஊற்றுவது. அந்த வாசத்தின் இடத்தில் நான் வைத்திருப்பது பாகிரும், அதாவது வெங்காயத்தாள் எண்ணெய். கொரிய வீடுகளில் பழக்கமான வேலைதான்.

தேபா என்கிற தடித்த வெங்காயத்தாள் இரண்டு. வெள்ளைப் பகுதியைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாக வட்டம் வட்டமாக நறுக்குங்கள். ஈரம் இருந்தால் தெறிக்கும். இன்னும் சூடேற்றாத வாணலியில் ஆறு மேசைக்கரண்டி தவிட்டெண்ணெயையும் நறுக்கியதையும் ஒன்றாகப் போட்டு, அப்புறம்தான் அடுப்பை மூட்டவேண்டும், அதுவும் சிறு தீயில். முதல் மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வரும், பச்சை வாடை போய் ஒரு இனிப்பு வாசம் எழும். வட்டங்களின் விளிம்பு வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் அணைத்துவிடுங்கள். பழுப்பாகட்டும் என்று காத்திருந்தால் இறக்கிய பிறகும் சூட்டில் வெந்து கசந்துவிடும். எனக்கு மூன்று தடவை கசந்திருக்கிறது. வடிகட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து நாலைந்து நாளுக்குள் தீர்த்துவிடுவேன். மொறுமொறு வட்டங்களைப் பையன் நின்றுகொண்டே தின்றுவிடுவான்.

எள் தூவும் இடத்துக்கு என் கைவசம் ஒரு ஊர்ச் சரக்கு இருக்கிறது: பொட்டுக்கடலை. வெறும் வாணலியில் லேசாகச் சூடுபண்ணி, உப்புக் கல் போட்டுக் கரகரப்பாகப் பொடிக்க வேண்டும். வேகவைத்துப் பிழிந்த பசலைக்கீரையில் இரண்டு ஸ்பூன் பொடி, ஒரு ஸ்பூன் பாகிரும், கொஞ்சம் சோயா சாஸ் சேர்த்துக் கையால் பிசைந்தால் கீரை நாமுல் தயார். கைதான் முக்கியம், கரண்டியில் வராது. ஃபோனில் இதைச் சொன்னதும் அம்மா கேட்டது, “ஏன்டி, நம்ம பொடியைக் கொண்டுபோய் கொரியாக்காரன் கீரையில போட்டியா?”

இங்கே பிள்ளைகள் பசித்தால் முதலில் கேட்பது கான்க்யெபாப். சுடு சோறு, மேலே ஒரு பொரித்த முட்டை, சோயா சாஸ், எள்ளெண்ணெய், அவ்வளவுதான். நமக்குத் தயிர்சாதம் மாதிரி. எங்கள் வீட்டுக்கு இதில் இரண்டு வில்லன்கள். முட்டைக்குப் பதில் பொரித்த தோஃபு, காளான் எல்லாம் செய்து பார்த்தேன், அவன் தொடவில்லை. அந்தச் சோற்றில் மஞ்சள் கரு உடைந்து வழிவதுதான் விஷயம் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. வழவழப்பு வேண்டும். யோந்துபு என்று பால்கோவா மாதிரிகூட இல்லை, தயிர் மாதிரி இளகிய தோஃபு டப்பாவில் கிடைக்கும். (சோயா ஆகாத பிள்ளைக்கு இது கூடாது.) அதை வெந்நீரில் ஐந்து நிமிடம் சூடாக்கி, சுடு சோற்றின் மேல் கவிழ்த்து, ஒரு ஸ்பூன் சோயா சாஸ், ஒரு ஸ்பூன் பாகிரும் ஊற்றிக் கரண்டியால் உடைத்து விடுங்கள். மேலே எண்ணெய் தடவாத கிம்மைத் தணலில் காட்டிக் கையால் நொறுக்கிப் போடலாம். கிம்பாப்புக்கென்று (கிம்மில் சோற்றை வைத்துச் சுருட்டுவது) விற்கும் வெறும் கிம்மைத்தான் நான் வாங்குவது. அதன் பாக்கெட்டையும் படித்துவிட்டுத்தான்.

பிறந்தநாளுக்கு மியொக்குக் இல்லாமல் இங்கே முடியாது. பிள்ளை பெற்றவளுக்கு வாரக்கணக்கில் கொடுக்கும் கடற்பாசிச் சூப் இது. அதனால்தான் பிறந்தநாளன்றும் குடிக்கிறார்கள். காய்ந்த மியொக் (அந்தக் கடற்பாசி) 10 கிராம் மூன்று பேருக்குப் போதும். அது பத்து மடங்கு ஊதும். முதல் தடவை பாதிப் பாக்கெட்டை ஊறப் போட்டுவிட்டுப் போய்த் துணி காயப்போட்டு வந்தேன், பாத்திரம் தாண்டிச் சிங்க்கில் கிடந்தது. இருபது நிமிடம் ஊறவைத்து, அலசி, பிழிந்து, கடிக்கிற அளவில் வெட்டுங்கள். வழக்கமாக இறைச்சியையும் மியொக்கையும் எள்ளெண்ணெயில் வதக்குவார்கள். நான் பாகிரும் ஒரு ஸ்பூனில் 100 கிராம் மாட்டிறைச்சி, தட்டிய பூண்டு இரண்டு பல் போட்டு நிறம் மாறும்வரை வதக்கி, அப்புறம் மியொக்கைச் சேர்த்துப் பச்சை நிறம் தெளிய வதக்குவேன். இறைச்சி சாப்பிடாதவர்கள் காளான் போடலாம். இனி தண்ணீர். ஹல்மொனி சொல்லித் தந்தது: அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர். ஊரில் மாட்டுத் தொட்டிக்குப் போகிற அதே கழுநீர்! ஆறு குவளை ஊற்றி, குக்கான்ஜாங் என்கிற சூப்புக்கான சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி விட்டு, முக்கால் மணி நேரம் சிறு தீயில் கொதித்தால் எண்ணெயின் குறையே தெரியாத ஒரு கொழுப்பு வரும்.

கோதுமை ஆகாத பிள்ளை இருந்தால் இந்த இடத்தில் நில்லுங்கள். சாதாரண சோயா சாஸில் கோதுமை சேர்த்துத்தான் நொதிக்கவைக்கிறார்கள். பழைய முறைக் குக்கான்ஜாங்கில் சோயா, உப்பு, தண்ணீர் மட்டும்; ஆனால் எல்லா பாட்டிலும் பழைய முறை அல்ல. கொச்சுஜாங் மிளகாய்ச் சாந்திலும் பெரும்பாலும் கோதுமை ஒளிந்திருக்கும். தொக்பொக்கி என்கிற காரப் பண்டத்துக்கு வாங்கும் ‘தொக்’ மாவுத் துண்டுகளில் அரிசி, கோதுமை என்று இரண்டு வகை உண்டு, பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

ஹோட்டல்களில் ஒரு பாடம் படித்தேன். “எள்ளெண்ணெய் வேண்டாம்” என்றால் ருசிக்காகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு கடையில் அந்த அக்கா எண்ணெயை நிறுத்திவிட்டு, பிள்ளைக்கு அழகாக இருக்கட்டும் என்று மேலே எள்ளைத் தூவிக் கொண்டுவந்தார். இப்போது முதல் சொல்லே “அல்லெருகி இஸ்ஸொயோ”, ஒவ்வாமை இருக்கிறது. அப்புறம் அட்டையைக் காட்டுவேன். இறைச்சி வெட்டும் கத்தரிக்கோலையும் இடுக்கியையும் கழுவித் தரச் சொல்வேன். எபிநெஃப்ரின் ஊசிப் பேனா எப்போதும் பையில். மூச்சு இழுத்தாலோ திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ யோசிக்காமல் ஊசியைப் போட்டு 119 அவசர எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று பள்ளி ஆசிரியைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கடைசியாகக் கிம்பாப், பள்ளிச் சுற்றுலா நாளின் சாப்பாடு. உள்ளே மஞ்சள் நிறத்தில் முட்டைப் பட்டை இல்லையென்றால் மற்ற பிள்ளைகளின் டப்பாவுக்கும் நம் டப்பாவுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கெட்டித் தோஃபுவை விரல் தடிமனில் நீளமாக வெட்டி, உப்பும் மஞ்சள்தூளும் தடவிப் பொரித்தால் நிறம் தப்பாது. நண்டுக் குச்சியைச் சேர்க்கவே வேண்டாம், அதில் முட்டை வெள்ளையும் கோதுமையும் வருவது சகஜம். இரண்டு குவளை சோற்றைச் சூடாக இருக்கும்போதே அரை ஸ்பூன் உப்பும் ஒரு ஸ்பூன் பாகிரும் சேர்த்துக் கிளறி ஆறவிடுங்கள். கிம்மின் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் சோற்றை மெல்லிசாகப் பரப்பி, தோஃபு, வதக்கிய கேரட், பிழிந்த கீரை, ஊறவைத்த முள்ளங்கி வைத்து இறுக்கிச் சுருட்டுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத்துணியில் துடைத்தால் பிய்யாது. மேலே எள்ளெண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டுவிடலாம், பளபளப்பு மட்டும்தான் குறையும். காலையில் சுருட்டியது மதியம் தீர்ந்துவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் சோறு கல்லாகிவிடும். இரண்டு முனையிலும் பிதுங்கி நிற்கும் துண்டுகள் டப்பாவுக்குப் போகாது. அதை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு, அவன் தண்ணீர் பாட்டிலைத் தேடப் போகலாம்.