ஐரிஷில் பதிவு போட விடாத போனைச் சரிசெய்தது

அயர்லாந்தின் கால்வே நகரில் ஐரிஷ் மொழி வகுப்பில் சேர்ந்த பிறகு, ஃபேஸ்புக்கில் தினமும் நாலு வரியாவது ஐரிஷிலேயே எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன், போன்தான் விடவில்லை. 'மற்றும்' என்ற பொருளில் வரும் 'அகஸ்' என்ற சொல்லை அடித்தால் ஆகஸ்ட் மாதமாக்கிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை உயிரெழுத்தின் மேல் வரும் சாய்கோடு. அதன் பெயர் 'ஃபாதா', நீண்டது என்று பொருள். நம் குறில் நெடில் மாதிரிதான், கோடு விட்டுப்போனால் சொல்லே மாறிவிடும். ஒரு நாள் தோட்டத்தில் புல் வெட்டியதைப் பற்றி எழுதினேன். புல்லுக்கு 'ஃபேர்', கோட்டை எடுத்துவிட்டால் 'ஃபார்', அதாவது ஆண். ஆளை வெட்டினேன் என்று பதிவாகிவிட்டது! வகுப்புத் தோழி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

அன்றைக்கே போனில் உள்ள கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டு அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குப் போய் ஐரிஷைச் சேர்த்தேன். இப்போது இடைவெளிப் பட்டையை அழுத்திப் பிடித்து மொழியை மாற்றிக்கொள்கிறேன், 'அகஸ்' அப்படியே நிற்கிறது. உயிரெழுத்தை அழுத்திப் பிடித்தால் கோடு போட்ட எழுத்து மேலே வரும். விண்டோஸ் கணினியில் ஐரிஷ் விசைப்பலகையைச் சேர்த்து, வலப்பக்க ஆல்ட் விசையோடு உயிரெழுத்தை அழுத்தினால் போதும்.

அப்புறம் ஃபேஸ்புக்கின் மொழியையே 'கேல்கெ', அதாவது ஐரிஷ், என்று மாற்றிவிட்டேன். முதல் வாரம் பொத்தான்களைத் தேடித் திணறினேன்தான், ஆனால் மனப்பாடம் செய்யாமலேயே அத்தனை சொற்கள் கைக்கு வந்துவிட்டன. மார்ச் 1 முதல் 17 வரை நடக்கும் 'ஐரிஷ் மொழி வாரம்' என்ற விழாவில் தினமும் எழுதினேன், ஒரு கோடுகூட விடவில்லை.