உளவியலாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், ஆலோசகர் ஆகிய மூவரையும் ஒருவராகவே எண்ணிக்கொள்வதுதான் பலருடைய முதல் தடுமாற்றம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு பெற்றவர் என்பதால் மருந்து எழுதித் தரலாம். உளவியலாளரோ பேச்சுவழிச் சிகிச்சையையும் உளவியல் சோதனைகளையும் மேற்கொள்பவர். தூக்கமே வராமல், சாப்பாடும் இறங்காமல் வாரக்கணக்கில் அவதிப்படுபவர் முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்; முறையாகப் படித்தவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். 'ஆலோசகர்' என்ற பலகையை மட்டும் நம்பிவிடாமல், என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார் என்பதையும் விசாரியுங்கள்.

முதல் சந்திப்பிலேயே கட்டணம், சந்திப்பின் நேர அளவு, சிகிச்சை முறை, சொல்வதை எந்தச் சூழலில் பிறரிடம் தெரிவிக்க நேரும் என்பவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. எந்த மொழியில் அழுவீர்களோ அந்த மொழியில் பேசக்கூடியவரா என்று பார்ப்பது, என் கணிப்பில், பட்டத்திற்கு அடுத்தபடி முக்கியமானது. சில சந்திப்புகளுக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லையென்றால் அதை அவரிடமே சொல்லலாம், வேறொருவரிடம் மாறவும் செய்யலாம்.

செலவு தடையாக இருந்தால் அரசு மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.